பொன் தகட்டிலிருந்து திரும்பி வந்த துகள்: வாசகர் கேள்விகளும் விடைகளும்

அணு அமைப்பைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களே மிகுதி. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு இம்முறை விடை எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, அணுவைப் பிளக்க முடியாது என்று டால்டன் சொன்னார், அது தவறு என்று அடுத்த பக்கத்திலேயே பாடப்புத்தகம் சொல்கிறது. தாம்சன் சொன்னதும் தவறு, ரூதர்ஃபோர்டு சொன்னதில் குறை, நீல்ஸ் போர் சொன்னதிலும் குறை. தவறென்று தெரிந்துவிட்ட இவற்றை நாங்கள் ஏன் படித்துத் தேர்வு எழுத வேண்டும்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, பாளையங்கோட்டை

விடை: வந்த கடிதங்களில் இதுவே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பெயர், ஆண்டு, படம், குறைபாடு என்று நான்கு வரிகளில் ஒவ்வொரு மாதிரியையும் சொல்லி முடித்துவிட்டால், அறிவாளிகள் சிலர் மாறி மாறி ஊகித்துத் தோற்ற கதையாகவே அது உங்களுக்குத் தெரியும். நடந்தது அதுவன்று. அவர்களில் ஒவ்வொருவரும் தம் கையில் இருந்த ஓர் அளவீட்டுக்குக் கட்டுப்பட்டே பேசினார்கள்.

டால்டனை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கிராம் கரி நான்கு கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு கிடைக்கிறது. அதே மூன்று கிராம் கரி எட்டு கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கிறது. நான்கு அல்லது எட்டு. இரண்டுக்கும் இடையில் ஐந்தே கால் கிராமில் நின்றுகொள்ளும் மூன்றாவது வாயு ஒன்று இல்லை. பொருள் என்பது மாவைப் போல எந்த அளவிலும் பிசையத்தக்கதாக இருந்தால் இந்த முழு எண் கணக்கு எங்கிருந்து வரும்? ஒரு கரியணுவோடு ஒன்று அல்லது இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்கின்றன என்று கொண்டால் கணக்கு உடனே தெளிவாகிவிடுகிறது. இதைத்தான் அவர் 1803 முதல் எண்ணி வந்து 1808-இல் நூலாக வெளியிட்டார். அணுவைப் பிளக்க முடியாது என்றது, வேதிவினை எதிலும் அது பிளவுபடவில்லை என்ற உண்மையை ஒட்டியது. அந்த எல்லைக்குள் அது இன்றும் உண்மை. உங்கள் வீட்டு அடுப்பில் எரியும் வாயுவிலும் எந்த அணுவும் உடைவதில்லை.

டால்டனிடம் உண்மையான பிழை ஒன்றும் இருந்தது. அது பாடங்களில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. நீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்று அவர் கொண்டதால் ஆக்சிஜனின் அணு எடை ஏறக்குறையப் பாதியாகிப் போயிற்று. 1811-இல் அவகாட்ரோ இதைத் திருத்தும் வழியைக் காட்டினார். ஆனாலும் 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியல் மாநாட்டில் கன்னிசாரோ எடுத்துரைத்த பிறகே அது பரவலாக ஏற்கப்பட்டது. சரியான விடை கையில் இருந்தும் ஐம்பது ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. ஆகவே "டால்டன் தவறு" என்று எழுதுவதற்கு முன், "எந்த அளவீடு அவரை அப்படிச் சொல்ல வைத்தது, எந்த அளவீடு அவரைத் திருத்தியது?" என்று குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள். தேர்வுக்கும் அது உதவும்.

கேள்வி: குறள் அணுவைத் துளைத்து ஏழ்கடலைப் புகட்டியது போன்றது என்று ஔவையார் பாடியதாகத் திருவள்ளுவமாலையில் உள்ளது. மணிமேகலையில் ஆசீவக சமயத்தைச் சேர்ந்த ஒருவர் அணுவைப் பற்றி விரிவாகவே பேசுகிறார். நம் முன்னோர் அறிந்ததைத்தான் மேலைநாட்டார் பின்னால் கண்டுபிடித்தார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?
— ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஸ்ரீவைகுண்டம்

விடை: அப்படியே சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. சொல்லத்தக்கது வேறொன்று இருக்கிறது, அதுவே அதிகப் பெருமை தருவது. சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் ஆசீவகர் சொல்லும் அணு புதிதாகத் தோன்றுவதுமில்லை, சிதைவதுமில்லை. கூடியும் பிரிந்தும் பொருள்களை ஆக்குகிறது. தனி அணு நம் கண்ணுக்குப் புலப்படாது என்பதற்கு அவர் காட்டும் உவமை மிக அழகானது: அந்தி மங்கலில் ஒற்றை மயிரைக் காண முடியாது, மயிர்த் திரளைக் காண முடியும். கணாதரின் வைசேடிகத் தத்துவமும், கிரேக்க நாட்டில் லூசிப்பஸ், டெமாக்ரிடஸ் ஆகியோரின் சிந்தனையும் இதே திசையில் சென்றவையே.

இவை யாவும் தருக்கத்தால் எட்டிய முடிவுகள். நிலம், நீர், தீ, காற்று என்னும் பகுப்பையும், உயிரையும்கூட, ஆசீவகம் அணுக்களாகவே கொண்டது. ஓர் அணு மற்றோர் அணுவைவிட எத்தனை மடங்கு கனமானது என்ற கேள்வி எழவும் தராசைக் கொண்டு அதற்கு விடை காணவும் 19-ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. ஔவையாரின் வரியில் உள்ள அணு மிகச் சிறியது என்னும் பொருளில் வந்த சொல். அதை அணுப் பிளவோடு இணைப்பது அந்தப் பாட்டுக்கும் நியாயமன்று, அறிவியலுக்கும் நியாயமன்று. ஆனால் அந்த மயிர்த் திரள் உவமையை வகுப்பில் தவறாமல் சொல்லுங்கள். டால்டன் செய்ததும் அதுதான்: தனி அணுவைக் காணாமல், கிராம் கணக்கான திரளை நிறுத்துப் பார்த்துத் தனி அணுவின் இயல்பை ஊகித்தார்.

கேள்வி: தாம்சன் மாதிரியைத் தர்பூசணி மாதிரி என்கிறார்களே, அவர் அப்படித்தான் சொன்னாரா?
— வாசகர், சேரன்மகாதேவி

விடை: சொல்லவில்லை. பழமும் விதையும் பிறர் வைத்த உவமை. 1897-இல் கேம்பிரிட்ஜில் தாம்சன் கேத்தோடு கதிர்களை (காற்று நீக்கிய குழாயில் எதிர்மின்முனையான கேத்தோடிலிருந்து பாயும் கதிர்களை) மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்து, எந்த உலோகத்தைக் கேத்தோடாக வைத்தாலும் எந்த வாயுவை நிரப்பினாலும் எதிர்மின்னூட்டமுள்ள ஒரே வகைத் துகளே வெளிவருகிறது என்று கண்டார். இன்று எலக்ட்ரான் எனப்படுவது அதுதான். அதன் நிறை ஹைட்ரஜன் அணுவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்றைய கணக்கில் 1837-இல் ஒரு பங்கு. எல்லாப் பொருளிலும் பொதுவாக உள்ள துகள் என்றால் அது அணுவுக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும். அணு மின்னூட்டமற்றது என்பதால் உள்ளே எங்கோ நேர்மின்னூட்டமும் இருந்தாக வேண்டும். அது எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்குச் சான்று ஏதும் இல்லாததால், அணு முழுவதும் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டார். 1904-இல் அவர் விவரித்த அணுவில் எலக்ட்ரான்கள் விதைகளைப் போல அசையாமல் பதிந்திருக்கவில்லை. வளையம் வளையமாகச் சுழன்றன. அந்த வளையங்களின் அடுக்கைக் கொண்டு தனிம வரிசையின் பண்புகளையே விளக்க முயன்றார். பழத்தின் உவமை இந்த முயற்சியை மறைத்துவிடுகிறது.

கேள்வி: நான் நகைத் தொழில் செய்பவன். ரூதர்ஃபோர்டு தங்கத் தகட்டைத்தான் பயன்படுத்தினார் என்று மகன் படித்துச் சொன்னான். வேறு உலோகம் இருக்கத் தங்கம் எதற்கு? அந்தச் சோதனையில் என்னதான் நடந்தது?
— வாசகர், தென்காசி

விடை: தங்கம் எதற்கு என்பது உங்கள் தொழிலில் இருப்பவருக்கு உடனே விளங்கும். தங்கத்தைப் போல மெல்லியதாக அடித்து ரேக்காக்கக்கூடிய உலோகம் வேறில்லை. அவர்கள் தகட்டின்மேல் செலுத்தியது ஆல்ஃபா துகள்களை; ரேடியம் போன்ற கதிரியக்கப் பொருள்களிலிருந்து பாய்ந்து வரும் நேர்மின்னூட்டமுள்ள துகள்கள் அவை. அத்துகள் கனத்த தகட்டில் புகுந்தால் உள்ளேயே நின்றுவிடும். வழியில் மிகச் சில அணுக்களை மட்டுமே அது சந்திக்க வேண்டுமானால் ரேக்கு தேவை. தங்கத்தின் அணு கனமானது என்பதும் உதவிற்று. ஆனால் தங்கம் மட்டுமே பயன்பட்டது என்று எண்ணிவிட வேண்டாம். அலுமினியம், செம்பு, வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றையும் அவர்கள் வைத்துப் பார்த்தார்கள். புகழ்பெற்ற முதல் எண்ணிக்கையே பிளாட்டினத்தில் கிடைத்ததுதான்.

சோதனை 1909-இல் மான்செஸ்டரில் நடந்தது. செய்தவர்கள் ஹான்ஸ் கைகரும், அப்போது இருபது வயது மாணவராக இருந்த எர்னஸ்ட் மார்ஸ்டனும். ஆல்ஃபா துகள்கள் பெரிய கோணத்தில் சிதறுகின்றனவா என்று பார்க்கச் சொன்னவர் ரூதர்ஃபோர்டு. சிதறும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் ஆல்ஃபா துகள் விழும்போது ஒரு சிறு ஒளிப்பொட்டு தோன்றி மறையும். இருட்டறையில் உட்கார்ந்து, கண் இருளுக்குப் பழகும் வரை காத்திருந்து, நுண்ணோக்கி வழியாக அந்தப் பொட்டுகளை ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். கருவி எண்ணித் தராத காலம் அது. விழுந்த துகள்களில் ஏறத்தாழ 8000-க்கு ஒன்று, தகடு இருந்த பக்கத்திலிருந்து திரும்பி வந்தது.

இதில் வியப்பு என்ன என்பதைச் சற்றே விளக்க வேண்டும். ஆல்ஃபா துகள் எலக்ட்ரானைவிட ஏழாயிரம் மடங்குக்கு மேல் கனமானது. ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வேகத்தில் வருகிறது. எலக்ட்ரான் அதைத் தடுக்க முடியாது. நேர்மின்னூட்டம் அணு முழுவதும் பரவிக் கிடந்தால் அதன் விசை எந்த இடத்திலும் வலுவாக இருக்காது. வழிநெடுகப் பல அணுக்கள் சிறிது சிறிதாகத் தள்ளினாலும், அந்தத் தள்ளல்கள் யாவும் தற்செயலாக ஒரே பக்கம் சேர்ந்து துகளைத் திருப்பி அனுப்பும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். மெல்லிய தாளை நோக்கிச் சுட்ட பீரங்கிக் குண்டு திரும்பி வந்து சுட்டவர் மேலேயே விழுந்ததைப் போல இருந்தது என்று ரூதர்ஃபோர்டு பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இந்தக் கதையில் பலரும் தாவிவிடும் இடம் இனிதான் வருகிறது. 8000-க்கு ஒன்று என்ற எண் 1909-இல் கிடைத்துவிட்டது. அதன் பொருள் 1911-இல்தான் விளங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் ரூதர்ஃபோர்டு கணக்கிட்டுக்கொண்டிருந்தார். மின்னூட்டமும் நிறையும் நடுவில் ஒரு புள்ளி அளவில் குவிந்திருந்தால், அதன் மிக அருகே செல்லும் ஒரு துகள் ஒரே சந்திப்பில் திரும்பிவிடும். எந்தக் கோணத்தில் எத்தனை துகள்கள் சிதறும், ரேக்கு இரு மடங்கு கனமானால் எத்தனை, துகளின் வேகம் குறைந்தால் எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் அவர் வாய்பாடு தந்தார். கைகரும் மார்ஸ்டனும் மீண்டும் இருட்டறைக்குப் போய், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்பொட்டுகளை எண்ணி, அவ்வாய்பாடு ஒவ்வொரு கூறிலும் பொருந்துவதை 1913-இல் காட்டினார்கள். அணுக்கருவுக்கு உரிய சான்று இந்த லட்சம் எண்ணிக்கைதான் என்று நான் கருதுகிறேன். திரும்பி வந்த முதல் துகள் கேள்வியை மட்டுமே எழுப்பிற்று.

மகனுக்கு இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். 1911 கட்டுரையில் "அணுக்கரு" என்ற சொல்லே இல்லை, "மைய மின்னூட்டம்" என்றுதான் இருக்கிறது. அது நேரா எதிரா என்பதைச் சிதறலைக் கொண்டு முடிவு செய்ய இயலாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. சனிக்கோளையும் அதன் வளையங்களையும் போன்ற அணுவை 1904-இலேயே முன்வைத்த டோக்கியோவின் நாகாவோகாவையும் அக்கட்டுரை குறிப்பிடுகிறது.

கேள்வி: அணுவின் பெரும்பகுதி வெற்றிடம் என்றால் என் கை சுவருக்குள் ஏன் புகுந்து போவதில்லை?
— வாசகி, களக்காடு

விடை: முதலில் அந்த இடத்தின் அளவைப் பார்ப்போம். நெல்லையப்பர் கோயிலின் நீளம் சுமார் 850 அடி என்பார்கள். ஒரு பொன்னணுவை அந்த நீளத்துக்குப் பெருக்கினால் அதன் கரு ஒரு சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். ஆனால் அணுவின் நிறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் அந்தச் சுண்டைக்காய்க்குள் அடங்கிவிடும்.

மீதி இடத்தை வெற்றிடம் என்று சொல்வது பழக்கத்தில் வந்த சொல். எனக்கு அதில் உடன்பாடில்லை. எலக்ட்ரான் ஒரு மூலையில் கிடக்கும் மணல் துகள் அன்று. அதன் அலை அந்த இடம் முழுவதும் பரவியிருக்கிறது. இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க இயலாது என்று 1925-இல் வூல்ஃப்காங் பவுலி கண்ட விதி, ஓர் அணுவின் எலக்ட்ரான் மேகத்துக்குள் இன்னொன்றின் மேகம் நுழைவதைத் தடுக்கிறது. எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதும் சேர்ந்துகொள்கிறது. நீங்கள் சுவரில் கை வைக்கும்போது உணரும் திண்மை இதுவே. ஆல்ஃபா துகளுக்கு இந்தத் தடை பெரிதன்று. அதனால்தான் பெரும்பாலான துகள்கள் தங்க ரேக்கை ஊடுருவிப் போயின.

கேள்வி: எலக்ட்ரான் குறிப்பிட்ட சில பாதைகளில் மட்டுமே சுற்றும், அங்கே இருக்கும் வரை ஆற்றலை இழக்காது என்று போர் சொன்னாராம். அவராகவே ஒரு கட்டளை போட்டுவிட்டது போலத் தெரிகிறதே, இதற்குக் காரணம் உண்டா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி டவுண்

விடை: கட்டளை போட்டது உண்மைதான், அவர் அதை ஒளிக்கவும் இல்லை. ஆனால் வேறு வழியில்லாத இடத்தில் நின்று போட்டார். மின்னூட்டமுள்ள பொருள் வட்டமிட்டால் ஒளியாக ஆற்றலை இழக்கும் என்பது அன்றைய இயற்பியலின் உறுதியான முடிவு. அதன்படி ரூதர்ஃபோர்டின் அணுவில் எலக்ட்ரான் சுருண்டு சுருண்டு கருவில் விழுந்துவிட வேண்டும். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. தாமிரபரணியும் அதன் கரையும் அங்கேயேதான் இருக்கின்றன. எனவே அணு அப்படி விழுவதில்லை.

அவருக்குத் துணையாக வந்தது ஒளி. சோற்றுப் பானை பொங்கி உப்பு நீர் அடுப்பில் வழியும்போது சுடர் மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். அது சோடியத்தின் நிறம். மத்தாப்பில் பச்சை நிறம் தருவது பேரியம், சிவப்பு நிறம் தருவது ஸ்ட்ரான்ஷியம். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளாக ஒளி வீசும் என்பதை 1860 வாக்கில் புன்சனும் கிர்க்காஃபும் நிலைநாட்டினார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

1885-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளி ஆசிரியராக இருந்த பால்மர் என்பவர், தம் அறுபதாவது வயதில், ஹைட்ரஜனின் நான்கு கோடுகளை எடுத்துக்கொண்டார். அவற்றின் அலைநீளங்கள் 656, 486, 434, 410 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 364.56 என்ற ஒரே எண்ணை முறையே 9/5, 4/3, 25/21, 9/8 ஆகியவற்றால் பெருக்கினால் இந்நான்கும் வந்துவிடுகின்றன என்று கண்டார். தாளும் பேனாவும் எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். 4/3 என்பதை 16/12 என்றும், 9/8 என்பதை 36/32 என்றும் எழுதினால், மேலே 9, 16, 25, 36 என்று வர்க்க எண்களும், கீழே அவற்றிலிருந்து நான்கைக் கழித்த எண்களும் நிற்பதைக் காண்பீர்கள். இயற்கை இவ்வளவு எளிய முழு எண்களில் பேசுவதை முதன்முதலில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

அதே 1885-இல் பிறந்த நீல்ஸ் போர், 1913-இல் இந்த வாய்பாட்டைக் கண்டதும் தம் கட்டளையின் வடிவம் தெளிவாயிற்று என்று சொல்லியிருக்கிறார். எலக்ட்ரானின் கோண உந்தம் (அதன் நிறை, வேகம், ஆரம் மூன்றையும் பெருக்கிய அளவு) ஒரு குறிப்பிட்ட அளவின் முழு எண் மடங்காகவே இருக்கும் என்று கொண்டால், அதன் ஆற்றல் மட்டங்கள் 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) 1, 4, 9, 16 என்று வர்க்கங்களால் வகுத்து வருபவை ஆகின்றன. மேல் மட்டத்திலிருந்து கீழ் மட்டத்துக்கு இறங்கும்போது இரண்டின் வேறுபாடு ஒளியாக வெளிவருகிறது. பால்மரின் எண்கள் அப்படியே கிடைக்கின்றன. மனம் போன கட்டளைக்கு இந்தப் பொருத்தம் வாய்க்காது.

ஆனால் நீங்கள் கேட்கும் "ஏன்" அப்போதும் நின்றது. அதற்கு விடை 1924-இல் லூயி டி பிராலியிடமிருந்து வந்தது. உங்கள் ஊரிலேயே அதற்கு ஒரு துணை இருக்கிறது. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களில் ஒவ்வொரு சிறு தூணும் தட்டினால் தனக்குரிய சுரத்தையே எழுப்பும். எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் ஒலி கூடுமே தவிர வேறு சுரம் வராது. அந்தத் தூணின் நீளத்துக்கும் பருமனுக்கும் பொருந்துகிற அதிர்வுகள் மட்டுமே அதில் நிலைக்கும். எலக்ட்ரானுக்கும் அலைத் தன்மை உண்டென்றால், கருவைச் சுற்றிய வட்டத்தில் அந்த அலை முழு எண்ணிக்கையில் பொருந்தியாக வேண்டும். பொருந்தாதது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். போரின் முழு எண் இங்கிருந்து பிறக்கிறது. எலக்ட்ரானின் அலைத் தன்மையை 1927-இல் அமெரிக்காவில் டேவிசனும் ஜெர்மரும், பிரிட்டனில் ஜி. பி. தாம்சனும் தனித்தனியே நிறுவினார்கள். இந்த ஜி. பி. தாம்சன், எலக்ட்ரானைத் துகளாகக் கண்ட அதே ஜே. ஜே. தாம்சனின் மகன். தந்தைக்கு 1906-இலும் மகனுக்கு 1937-இலும் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு முடிவும் இன்றும் நிற்கின்றன.

போரின் மாதிரி எங்கே நின்றுபோயிற்று என்றால், அடுத்த தனிமத்திலேயே. இரண்டு எலக்ட்ரான் உள்ள ஹீலியத்தின் கோடுகளை அதனால் கணக்கிட முடியவில்லை. ஒரு கோடு ஏன் பளிச்சென்றும் மற்றொன்று ஏன் மங்கலாகவும் இருக்கிறது என்பதற்கும் அதில் விடை இல்லை.

கேள்வி: பள்ளிச் சுவர்களில் படம் வரைவது என் தொழில். அறிவியல் ஆய்வகம் என்றால் நடுவில் ஒரு பந்தும் சுற்றி மூன்று நீள்வட்டங்களும் வரையச் சொல்வார்கள். அது சரியான படம் இல்லை என்று ஓர் ஆசிரியர் சொன்னார். எப்படித்தான் வரைவது?
— வாசகர், சங்கரன்கோவில்

விடை: ஆசிரியர் சொன்னது சரி. அந்த நீள்வட்டங்கள் 1916-இல் போரின் மாதிரியைச் சோமர்ஃபெல்டு விரித்தபோது வந்தவை. 1926-க்குப் பிறகு அவற்றுக்கு இடமில்லை. அவ்வாண்டில் ஷ்ரோடிங்கர் எலக்ட்ரானின் அலைக்கு உரிய சமன்பாட்டைத் தந்தார். அந்த அலை, எலக்ட்ரானை எந்த இடத்தில் காணும் வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சொல்கிறது என்று மாக்ஸ் போர்ன் விளக்கினார். எலக்ட்ரானுக்குத் துல்லியமான இடமும் வேகமும் ஒருசேர இல்லை என்று 1927-இல் ஹைசன்பர்க் காட்டிய பிறகு, பாதை என்று கோடு இழுப்பதற்கே பொருளில்லாமல் போயிற்று.

ஆகவே கோடே போடாமல் வரையுங்கள். ஹைட்ரஜன் அணு எளிது: நடுவில் நெருக்கமாகவும் வெளியே போகப் போக அருகியும் வண்ணப் புள்ளிகளைத் தெளியுங்கள், எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி மங்கிப் போகட்டும். உங்கள் கைக்கு அது நீள்வட்டத்தைவிட நல்ல வேலையாகவும் இருக்கும். கருவை அளவோடு வரைய வழியில்லை. பத்து அடி அகலத்தில் ஒரு பொன்னணுவை வரைந்தாலும் அதன் கரு ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். ஒரு புள்ளி வைத்து, "கரு இதைவிட மிகச் சிறியது" என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். பழைய படத்தை அழித்தே ஆக வேண்டுமா என்றால், "போர், சோமர்ஃபெல்டு, 1916" என்று கீழே ஆண்டைக் குறித்துவிட்டால் அதுவும் இருக்கலாம். ஹைட்ரஜனுக்குப் போர் கணக்கிட்ட ஆரமான 0.529 ஆங்ஸ்ட்ராம் (ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு), புதிய கொள்கையிலும் ஹைட்ரஜனின் எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு மிகுதியாக உள்ள தொலைவாக அப்படியே வருகிறது.

கேள்வி: எங்கள் பக்கத்துக் கூடங்குளம் உலையில் பிளக்கப்படுவது அணுவா, அணுக்கருவா?
— வாசகர், இராதாபுரம் வட்டம்

விடை: அணுக்கருதான். யுரேனியம் 235-இன் கருவில் ஒரு நியூட்ரான் புகும்போது அது இரண்டு நடுத்தரக் கருக்களாகப் பிளந்து, இரண்டு மூன்று நியூட்ரான்களையும் வெளியிடுகிறது. எரிதலில் எலக்ட்ரான்களின் அமைப்பு மட்டுமே மாறுகிறது. இங்கே கருவே மாறுவதால் வெளிப்படும் ஆற்றல் கோடிக்கணக்கான மடங்கு அதிகம்.

நியூட்ரான் 1932-இல்தான் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதுவரை கருவுக்குள் புரோட்டான்களோடு சில எலக்ட்ரான்களும் அடைபட்டிருப்பதாகவே கொண்டிருந்தார்கள். பாடநூல்கள் கைவிட்டுவிட்ட இடைக்கால மாதிரி அது. நைட்ரஜன் அதைக் கவிழ்த்தது. அந்தக் கணக்குப்படி அதன் கருவில் 14 புரோட்டானும் 7 எலக்ட்ரானும், ஆக 21 துகள்கள் இருக்க வேண்டும்; ஆனால் அதன் நிறமாலையோ (அது வீசும் ஒளிக்கோடுகளின் தொகுதியோ) கருவில் இரட்டைப்படை எண்ணிக்கையில் துகள்கள் இருப்பதாகக் காட்டிற்று. பெரிலியத்தில் ஆல்ஃபா துகள்களை மோதவிட்டபோது வந்த கதிர், பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களைத் தட்டி வெளியேற்றியது. அதை ஆராய்ந்த சாட்விக், அது மின்னூட்டமற்ற, புரோட்டானுக்கு நிகரான நிறையுள்ள துகள் என்று காட்டினார். 7 புரோட்டானும் 7 நியூட்ரானும் சேர்ந்து 14. நைட்ரஜனின் சிக்கல் தீர்ந்தது. மின்னூட்டம் இல்லாததால் கரு அதைத் தள்ளுவதில்லை. உலையில் அது எளிதாக உள்ளே புகுவதும் அதனால்தான்.

கேள்வி: இத்தனைக்குப் பிறகாவது யாராவது அணுவைக் கண்ணால் பார்த்தார்களா?
— கைத்தறி நெசவாளர், வீரவநல்லூர்

விடை: கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது, எனவே சாதாரண நுண்ணோக்கியால் அதன் வடிவைக் காண இயலாது. 1955-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வின் முல்லரும், அவருடைய மாணவராக இருந்த இந்தியர் கன்வர் பகதூரும், மிகக் கூரிய டங்ஸ்டன் ஊசி முனையைக் குளிர்வித்து உயர் மின்னழுத்தம் கொடுத்து, அதைச் சுற்றி ஹீலியம் வாயுவைச் செலுத்தினார்கள். முனையில் துருத்தி நிற்கும் ஒவ்வோர் அணுவின் அருகிலும் ஹீலியம் மின்னூட்டம் பெற்றுத் திரையை நோக்கிப் பாய, திரையில் அணுவுக்கொரு ஒளிப்பொட்டாக அழகிய கோலம் விழுந்தது. 1981-இல் சூரிக்கில் பின்னிக்கும் ரோரரும் உருவாக்கிய ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கி, ஒரு பரப்பின் அணுக்களை, நீங்கள் பாவு நூலைத் தடவிப் பார்ப்பதுபோல, வரிசை வரிசையாகத் தடவிக் காட்டுகிறது. அந்தி மங்கலில் தெரியாத ஒற்றை மயிர் இப்போது தெரிகிறது.

கேள்வி: எங்கள் பள்ளியில் தங்க ரேக்கும் இல்லை, ரேடியமும் இல்லை. பிள்ளைகளுக்கு இவற்றில் எதையாவது நேரில் காட்ட முடியுமா?
— அறிவியல் ஆசிரியை, அம்பாசமுத்திரம் வட்டாரம்

விடை: பால்மர் பார்த்ததைப் போன்ற கோடுகளைக் காட்டலாம், செலவும் இல்லை. ஒரு பழைய சி.டி. எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கு 625 வரிகள் உள்ளன, அவை ஒளியை நிறங்களாகப் பிரிக்கும். செருப்புப் பெட்டி ஒன்றின் ஒரு முனையில், இரண்டு பிளேடுகளை நெருக்கி ஒட்டி மெல்லிய பிளவு வையுங்கள். எதிர்முனையில் சி.டி.யைச் சாய்த்துப் பொருத்தி, அதன்மேல் விழும் நிறங்களைப் பார்க்க மேலே ஒரு துளை இடுங்கள். சாய்வைச் சற்று மாற்றி மாற்றிப் பார்த்தால் நிறங்கள் தெளியும் இடம் கிடைத்துவிடும். பெட்டிக்குள் வேறு வெளிச்சம் புகாமல் விளிம்புகளை ஒட்டிவிடுங்கள்.

முதலில் இழை பல்பைக் காட்டுங்கள். சிவப்பு முதல் ஊதா வரை இடைவெளியின்றிப் பட்டை தெரியும். அடுத்து பழைய வகைக் குழல்விளக்கைக் (எல்.இ.டி. அன்று) காட்டுங்கள். பாதரசத்தின் பச்சைக் கோடு 546 நானோமீட்டரிலும் நீல ஊதாக் கோடு 436 நானோமீட்டரிலும் தனித்து நிற்கும். பிறகு நீங்களே அடுப்புச் சுடரில், ஈரமான எஃகுக் கரண்டியில் தூத்துக்குடி உப்பு கொஞ்சம் எடுத்துக் காட்ட, பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். 589 நானோமீட்டரில் சோடியத்தின் மஞ்சள் கோடு தெரியும். மூன்றையும் அவர்களே வரைந்து, இழை பல்பில் பட்டையாக வந்தது உப்பில் ஏன் கோடாக வந்தது என்று எழுதட்டும். கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒருநாள் அழைத்துப் போகவும் முடிந்தால் நல்லது. பெட்டியைச் சூரியனுக்கு நேரே திருப்ப மட்டும் யாரையும் அனுமதிக்க வேண்டாம்; கண்ணுக்குக் கேடு. பகலில் பார்க்க வேண்டுமானால் வெயில் படும் வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்பினால் போதும்.